ஓட்டு வேண்டாம் என்றவன்

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை காலை. கன்னியம்மா மீன் கூடையை எங்கள் வாசற்படியில் இறக்கினாள். வழக்கமாக முதலில் மீனின் பெருமை, அப்புறம் என் கஞ்சத்தனம், கடைசியில்தான் விலை. அன்று கூடையை மூடியிருந்த ஈரச் சாக்கைக்கூட அவள் விலக்கவில்லை.

“நைனா, என் வூட்டுக்காரன் தீவிரவாதியாமே... அப்டீன்னா இன்னா?”

காபி டம்ளரோடு உட்கார்ந்திருக்கிற கிழவனிடம் கேட்கிற கேள்வியா இது?

“யார் சொன்னது?” என்றேன்.

“போலீசு எயிதிக் குட்த்துக்கீதாம். ஆர்பர் ஆபீசுல ஒரு புண்ணியவான் காதோட சொன்னாரு. வேலை இல்லன்னுட்டாங்க. ஏன்னு கேட்டா வாயத் தொறக்க மாட்றாங்க.”

கன்னியம்மாவைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ரயில்வே லைனுக்குக் கிழக்கே, கடலை ஒட்டி ஒரு குப்பம். அங்கிருந்து கூடையோடு கிளம்பி, எங்கள் பேட்டையான கல்மண்டபத்தைச் சுற்றி வீடு வீடாக மீன் கொடுத்துவிட்டு, எல்லோரிடமும் ஒரு சண்டை போட்டுவிட்டுத் திரும்புகிறவள். அவள் புருஷன் தேசப்பன் கட்டுமரத்தில் கடலுக்குப் போகிறவன். இரண்டு அண்ணன்களைக் கடலில் விட்டவன். மூன்றாவது ஆளையும் கடலுக்குக் கொடுக்கக் கன்னியம்மாவுக்கு இஷ்டமில்லை. துறைமுகத்து மோட்டார் லாஞ்சில் கயிறு பிடிக்கிற லாஸ்கர் வேலை ஒன்று காலியாக இருக்கிறது என்று கேள்விப்பட்டு, புருஷனைப் பிடித்துத் தள்ளி மனுப் போட வைத்தவள் அவள்தான். அலை தடுக்கும் சுவருக்கு உள்ளேயே வேலை. மாதா மாதம் சம்பளம். சாயங்காலம் வீடு.

ஆளைப் பார்த்தார்கள், நீந்தச் சொன்னார்கள், கயிறு வீசச் சொன்னார்கள். எல்லாவற்றிலும் தேறிவிட்டான். பாக்கி இருந்தது போலீஸ் விசாரணை ஒன்றுதான். அங்கேதான் விழுந்தான்.

“இந்த மாசக் கடைசி வரைக்கும்தான் அந்த எடத்த வச்சிருப்பாங்களாம், நைனா. அப்பால வேற ஆளாம். நீ பெரிய கச்சேரியில குப்ப கொட்டினவன்தான? எதுனா பண்ணு.”

கச்சேரியில் நான் செய்ததை இவ்வளவு துல்லியமாக யாரும் வர்ணித்ததில்லை. கலெக்டர் கச்சேரியில் சிரஸ்தாராக, அதாவது ஆபீஸின் தலைமைக் குமாஸ்தாவாக இருந்து ரிடையரானவன் நான். ஒரு காகிதம் எப்படிப் பிறக்கும், எந்த மேஜையில் தூங்கும், அதை எப்படித் தட்டி எழுப்புவது — இந்த ஞானம்தான் பென்ஷனோடு எனக்கு மிஞ்சியது. போலீஸ் ரிப்போர்ட் என்பது ரகசியம். மேலே சிவப்பு மையில் ‘ரகசியம்’ என்று எழுதியிருப்பதால் ஆபீஸில் எல்லோரும் தவறாமல் படிப்பார்கள். சம்பந்தப்பட்டவன் ஒருவனுக்கு மட்டும் காட்ட மாட்டார்கள். இதுதான் முறை.

“சாயங்காலம் அவனை அழைத்துக்கொண்டு வா” என்றேன்.

அவள் போன பிறகும் அந்த வார்த்தை என்னை விடவில்லை. தீவிரவாதி! நான் சர்வீஸில் சேர்ந்த புதிதில் இதே வார்த்தையை எத்தனை ரிப்போர்ட்டில் காப்பி எடுத்திருப்பேன்! அப்போது யார் தீவிரவாதி தெரியுமா? “எங்களுக்கு ஓட்டுரிமை கொடு, எங்களை நாங்களே ஆண்டுகொள்கிறோம்” என்று மேடையில் பேசியவன். அவனுக்குப் பின்னால் ஒரு கான்ஸ்டபிள் நோட்டுப் புத்தகத்தோடு நிற்பான். இப்போது எல்லோருக்கும் ஓட்டு வந்தாகிவிட்டது. இன்றைய தீவிரவாதி யார்? “ஓட்டு வேண்டாம்” என்கிறவன். ஆள் மாறிவிட்டான், கொள்கை தலைகீழாகிவிட்டது. வார்த்தையை மட்டும் ஒருவரும் மாற்றவில்லை. அரசாங்கத்தில் எதையும் வீணாக்குவதில்லை.

சாயங்காலம் தேசப்பன் வந்தான். கதவு நிலையில் தலை இடிக்கிற உயரம். உட்காரச் சொன்னால் உட்கார மாட்டேன் என்றான். கன்னியம்மா முறைத்த பிறகு உட்கார்ந்தான்.

“என்னதான் செய்தாய்?” என்றேன்.

“ஒண்ணும் செய்யல, நைனா. ஓட்டு அன்னிக்கு சீட்டக் கொண்டுபோய்க் குட்த்தேன். அத்தப் போய் தப்புன்றாங்க.”

நடந்தது இதுதான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் நாடு முழுவதும் நடந்த முதல் பெரிய தேர்தல் உங்களுக்கு நினைவிருக்கும். ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு பெட்டி. பெட்டியின்மேல் அவர் சின்னம். எல்லாப் பெட்டிகளும் ஒரு மறைப்புக்குப் பின்னால். விரலில் மை வைத்து, கையில் ஒரு சீட்டைக் கொடுப்பார்கள். மறைப்புக்குள் போய், வேண்டிய பெட்டியில் சீட்டைப் போட்டுவிட்டு வெளியே வரவேண்டும். உள்ளே நீங்கள் போட்டீர்களா, மடியில் கட்டிக்கொண்டீர்களா என்று பார்க்க ஆள் கிடையாது.

குப்பத்தில் எதையும் எல்லோரும் கூடித்தான் முடிவு செய்வார்கள். கோவில் முன்னால் மணலில் உட்கார்ந்து பேசுவார்கள். நாட்டார் என்று ஒரு பெரியதனக்காரர் நடுவில் இருப்பார். ஆனால் அவர் சொன்னால் முடிந்தது என்பதில்லை. ஒருவன் ‘வேண்டாம்’ என்று தலையசைத்தால்கூட முடிவு இல்லை. அவன் சம்மதிக்கிறவரை பேச்சுதான். தேர்தலுக்கும் அப்படித்தான் கூடினார்கள். யாருக்குப் போடுவது என்று ஒத்துவரவில்லை. விடிந்துவிட்டது; ஓட்டு ஆரம்பித்துவிட்டது. அப்போது நாட்டார் ஒரு யோசனை சொன்னார்.

“இன்னா யோசனை?” என்று என்னையறியாமல் அவன் பாஷையிலேயே கேட்டுவிட்டேன்.

“ ‘போய் ஆளுக்கொரு சீட்ட வாங்கியாந்து தேசப்பன்கிட்ட குட்த்து வையுங்கடா. பேசி முடிச்சிட்டு அப்பால போடலாம்’னாரு. அல்லாரும் போயி மை வச்சிகினு, சீட்ட மடியில கட்டிகினு வந்துட்டாங்க. நான் துண்டுல முடிஞ்சி வச்சேன். மத்தியானம் சாஞ்சிதான் ஒத்துமை ஆச்சி. ஒரே பொட்டிக்கின்னு முடிவு. எட்த்துகினு போயி, அங்க மேசையில குந்தினு இருந்த பெரிய ஆபீசரு முன்னால துண்ட அவுத்து வச்சேன். ‘இந்தாங்க சார், எங்க குப்பத்து ஓட்டு அம்புட்டும், சண்ட சச்சரவு இல்லாம, இந்தப் பொட்டிக்கு’ன்னேன். மன்சன் மயக்கம் போட்டு வியாதது ஒண்ணுதான் பாக்கி.”

எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். வாக்குச் சாவடிக்கு அதிகாரியாக உட்கார்ந்த அந்த ஏழை உத்தியோகஸ்தனை நினைத்துப் பாருங்கள். அவனுக்குக் கொடுத்த விதிப் புஸ்தகத்தில் கள்ள ஓட்டுக்கு விதி உண்டு, கலகத்துக்கு விதி உண்டு, மழைக்குக்கூட விதி உண்டு. ஒரு கிராமம் தன் ஓட்டுகளை முடிச்சாகக் கட்டி, மரியாதையோடு கொண்டுவந்து வைத்தால் என்ன செய்வது என்று எந்தப் பக்கத்தில் இருக்கிறது?

சீட்டுகளைப் பறிமுதல் செய்தார்கள். தேசப்பனை ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய் உட்கார வைத்தார்கள். அப்போதிருந்த சப்-இன்ஸ்பெக்டர் கேட்டாராம்: “உனக்கு ஜனநாயகத்தில் நம்பிக்கை இல்லையா?” இவன் யோசித்துப் பார்த்து, “இல்ல சார்” என்றானாம்.

“ஏண்டா அப்படிச் சொன்னாய்?” என்றேன்.

“நம்பிக்க இல்ல, நைனா. பொய் சொல்லணுமா?”

“சொல்லேன்யா! ஒரு பொய் சொன்னா இன்னா கொறஞ்சிடுவ?” என்று கன்னியம்மா எகிறினாள். “ஊர்ல அவனவன் பொய் சொல்லிச் சொல்லியே மந்திரி ஆயிக்கீறான். இவரு ஒரு லாஸ்கரு ஆவ முடியல!”

“நீ கம்முனு கெட. நைனா, நீயே சொல்லு. எங்களுது பெரிய வலை. ரெண்டு பக்கமும் கவுறு. குப்பமே ரெண்டா பிரிஞ்சி நின்னு கரையிலேர்ந்து இழுக்கணும். ஒரு பக்கம் ஜாஸ்தி, ஒரு பக்கம் கம்மின்னா வலை கோணிக்கும். மீனு அம்புட்டும் பூடும். கையத் தூக்கிக் கணக்குப் பார்த்து, இவன் ஜெயிச்சான் அவன் தோத்தான்னு சொல்லிட்டா, தோத்தவன் காலீல வந்து மனசோட கவுறு புடிப்பானா? புடிக்கிறா மாதிரி நிப்பான். அத்த எவன் கண்டுபுடிக்கிறது? பேசியே தீக்கணும். பாதிப் பேர தோக்க வச்சிட்டு மீதிப் பேர் ஆள்றது எங்களுக்கு சரிப்படாது.”

கன்னியம்மா உதட்டைச் சுழித்தாள்.

“அல்லாரும்னா ஆருய்யா? ஆம்பளைங்க அல்லாரும். மணல்ல குந்தி நாயம் பேசறப்ப என்னிக்குனா ஒரு பொம்பளையக் கேட்டுக்கீறீங்களா? வித்துகினு வர்றது நாங்க.”

தேசப்பன் கூரையைப் பார்த்தான். கல்யாணமானவர்களுக்கு அந்தப் பார்வை தெரியும்.

மறுநாள் ரீடிங் ரூமுக்குப் போனேன். பேப்பர் படிக்க என்று பெயர். நாட்டைத் திருத்துவதுதான் அங்கே நடக்கிற வேலை. ரிடையரான டாக்டர் ஒருவர் உண்டு. தோல் வியாபாரம் செய்கிற காதர் பாய் உண்டு. ஜன்னலைத் திறந்தால் ரயில்வே யார்டிலிருந்து கரித்தூள் வரும். மூடினால் டாக்டரின் சுருட்டுப் புகை. இரண்டில் எது தேவலை என்பதில் மட்டும் நாங்கள் மூன்று பேரும் இதுவரை ஒரு முடிவுக்கு வந்ததில்லை.

குப்பத்து விவகாரத்தைச் சொன்னேன். டாக்டர் மேஜையைத் தட்டினார்.

“நான் அன்னிக்கே சொன்னேனா இல்லையா? இந்த ஜனங்களுக்கு எதுக்கு சார் ஓட்டு? பேசாம பத்து வருஷம் நாட்டை மிலிடரிகிட்ட குடுத்துடணும். இல்லேன்னா படிச்சவனுக்கு மட்டும்தான் ஓட்டுன்னு சட்டம் பண்ணணும். ஜனநாயகமாம் ஜனநாயகம்!”

“டாக்டர், அப்படியானால் உங்கள் மேல் யார் ரிப்போர்ட் எழுதுவது?” என்றேன்.

“என் மேலயா? எதுக்கு?”

“நீங்களும் ஜனநாயகம் வேண்டாம் என்கிறீர்கள். அந்தத் தேசப்பனாவது பேசித் தீர்க்கலாம் என்கிறான். நீங்கள் துப்பாக்கியைக் கொண்டுவருகிறீர்கள்.”

“சார், நான் சொல்றது அபிப்பிராயம்!”

காதர் பாய் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: “டாக்டர் சாப், ஒரு சந்தேகம். நீங்க சொல்ற மிலிடரி வந்துட்ச்சின்னு வச்சிக்குவோம். அப்ப இதே நாற்காலியில குந்திகினு, இதே சுருட்டப் புடிச்சிகினு, ‘மிலிடரி ஒயிக’ன்னு சொல்லுவீங்களா?”

டாக்டர் பேப்பரை விரித்துக்கொண்டார்.

ஆக, படித்தவன் சாய்வு நாற்காலியில் சொன்னால் அபிப்பிராயம். குப்பத்தான் ஸ்டேஷன் பெஞ்சில் சொன்னால் தீவிரவாதம். வித்தியாசம் கொள்கையில் இல்லை. நாற்காலியில்.

எனக்கும் இந்த ஜனநாயகத்தின் மேல் பெரிய காதல் எதுவும் இல்லை என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். எல்லா ராஜ்யங்களுக்கும் கீழே உட்கார்ந்து குறிப்பெழுதிக் களைத்தவன் நான். துரை ஒருவனே ராஜாவாக இருந்த காலம். சொத்தும் வரிரசீதும் இருந்தவனுக்கு மட்டும் ஓட்டு இருந்த காலம் — டாக்டர் கேட்கிற ராஜ்யம்தான் கிட்டத்தட்ட. வந்த மெம்பர்களைப் பார்த்தவர்கள் அதை மறுபடி கேட்க மாட்டார்கள். யுத்தத்தின்போது மந்திரியே இல்லாமல் கவர்னரும் ஆலோசகர்களும் ஆண்ட காலம். சட்டசபை இல்லை, கேள்வி இல்லை, கூச்சல் இல்லை. பைல் வேகமாக நகர்ந்ததா? அதே ஆமை, அதே நடை. ஒரே வித்தியாசம்: அரிசி இல்லை என்று சொல்ல யாரிடம் போவது என்று ஜனங்களுக்குத் தெரியவில்லை. இப்போது தெரிகிறது. போய்ச் சொல்கிறார்கள். அரிசி என்னவோ அப்போதும் வருவதில்லை...

இவ்வளவு பார்த்த பிறகு எனக்கு மிஞ்சிய சித்தாந்தம் மிகச் சின்னது. ஓட்டு வேண்டாம் என்று ஒருவன் நினைக்கலாம், சொல்லலாம், தெருமுனையில் நின்று கத்தலாம். அது கருத்து. ஓட்டுப் போடப் போகிற அடுத்தவன் கையைப் பிடித்து நிறுத்தினால்தான் அது வேறு. தீவிரவாதம் என்ற வார்த்தையை அங்கே வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன்னால் வேண்டாம்.

இந்தச் சித்தாந்தத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, திங்கட்கிழமை ஸ்டேஷனுக்குக் கிளம்பினேன். எந்த ஸ்டேஷன் என்று கேட்காதீர்கள். ட்ராம் நின்றுபோன பிறகு அங்கே போக ஒரு பஸ்ஸும் நிறைய நடையும் வேண்டும் என்பது மட்டும் அடையாளம். தேசப்பன் துவைத்த சட்டை போட்டு வந்திருந்தான். கன்னியம்மாவை வரவேண்டாம் என்றோம். வந்தாள்.

பழைய சப்-இன்ஸ்பெக்டர் மாற்றலாகிப் போய்விட்டார். இப்போதிருப்பவர் ஒரு இன்ஸ்பெக்டர், இளைஞர், காலேஜில் படித்தவர். எனக்கு நாற்காலி போட்டார். தேசப்பனும் கன்னியம்மாவும் கதவோரம் நின்றார்கள். வந்த காரியத்தைச் சொன்னேன்.

“ரிப்போர்ட்டை நீங்க எப்படிப் பார்த்தீங்க சார்? அது ரகசியமாச்சே?” என்றார்.

“நான் பார்க்கவில்லை. அப்படி ஒன்று இருந்தால் அதில் என்ன இருக்கும் என்று யூகித்துக்கொண்டு வந்திருக்கிறேன்” என்றேன். அவர் சிரித்தார். ஒரு ஆபீஸ் மனுஷனை இன்னொரு ஆபீஸ் மனுஷன் அடையாளம் கண்டுகொண்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

முதலில் சட்டத்தை எடுத்தேன். ஓட்டுச் சீட்டை வெளியே கொண்டுபோவது குற்றம்தான். கேஸ் போட்டீர்களா?

“கேஸ் போட்டிருந்தா மொத்தக் குப்பத்தையும் லாரியில ஏத்தியிருக்கணும் சார்.”

“போடவில்லை அல்லவா? போடாத கேஸுக்குத் தண்டனையாக ஒருத்தன் வேலையை எடுக்கலாமா?”

“அதை விடுங்க. ஜனநாயகத்துல நம்பிக்கை இல்லைன்னு அவனே சொல்லியிருக்கான்.”

“நம்பிக்கை இல்லாதது குற்றமா? உங்களுக்கு இருக்கிறதா?”

அவர் கதவுப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “உள்ளதைச் சொல்லணும்னா சார், சில நாள் எனக்கே தோணும்... நல்ல ராஜா ஒருத்தர் இருந்தா தேவலையேன்னு. இந்தக் கட்சிக்காரங்க ஸ்டேஷனுக்கு வந்து பண்ற அதிகாரம் இருக்கே...”

“அப்படியானால் உங்களையும் என்னையும் சேர்த்து ஒரு லாரி வேண்டும்” என்றேன். பிறகு என் சித்தாந்தத்தை எடுத்து மேஜைமேல் வைத்தேன். வேண்டாம் என்பது கருத்து. அடுத்தவனைத் தடுப்பதுதான் தீவிரவாதம்.

இன்ஸ்பெக்டர் நாற்காலியில் நிமிர்ந்தார். “நூத்துக்கு நூறு ஒத்துக்கறேன் சார். அதனாலதான் சொல்றேன். அந்தக் குப்பத்துல அன்னிக்கு ஒரு ஜீவன்கூட ஓட்டுப் போடலை. சீட்டெல்லாம் இவன் துண்டுல இருந்தது. அத்தனை பேரும் தானா, மனசொப்பி, ஆளுக்கொரு சீட்டை இவன் கையில குடுத்தாங்களா? ஒருத்தனுக்குக்கூட வேற பெட்டி பிடிக்கலையா? மிரட்டல் இல்லாம இது நடக்குமா சார்? கையைப் பிடிச்சு நிறுத்தினவன்தான் தீவிரவாதின்னு நீங்களே சொல்றீங்க. இவன் ஒரு குப்பத்துக் கையையே பிடிச்சிருக்கான்.”

என் வலையில் நானே விழுந்தேன். தேசப்பன் ஒருவரையும் மிரட்டியவனில்லை. ஆனால் அதை எதை வைத்துச் சொல்வது? குப்பத்தார் வந்து சாட்சி சொன்னால், மிரட்டலுக்குப் பயந்து சொல்கிறார்கள் என்பார் இவர். மேஜைக்கு அந்தப் பக்கம் நான் உட்கார்ந்திருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

“வாங்க சார், டீ சாப்பிடுங்க” என்றார் இன்ஸ்பெக்டர். அந்த வார்த்தைக்கு அரசாங்க பாஷையில் அர்த்தம், விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது என்பது.

“நான் போட்டேன் சார்.”

கதவோரத்திலிருந்து வந்தது குரல். கன்னியம்மா.

“என்ன போட்டே?”

“ஓட்டு. பொட்டியில. அன்னிக்கே.”

தேசப்பன் அவளைத் திரும்பிப் பார்த்தான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் வாக்குச் சாவடி அதிகாரி முழித்த முழி இப்படித்தான் இருந்திருக்கும்.

“உன் பேரே இல்லன்னுட்டாங்கன்னு சொன்ன?” என்றான்.

அவன் நம்பியதில் ஆச்சரியமில்லை. பட்டியல் எழுத வந்தவர்களிடம் அந்நிய ஆணுக்குத் தன் பெயரைச் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு, ‘இன்னார் பெண்சாதி’ என்று மட்டும் சொன்ன பெண்கள் அநேகம். அப்படி எழுதிய பெயர்களை எல்லாம் அடித்துவிட்டார்கள். கன்னியம்மா என்ன, வெட்கப்படுகிற ஆளா?

“பேரு இருந்திச்சி. சீட்டும் குட்த்தாங்க. உள்ள போனா நாலு பக்கமும் மறப்பு. ஒரு ஆளு இல்ல. நீ இல்ல, நாட்டார் இல்ல, உங்கம்மா இல்ல. பொறந்ததுலேர்ந்து என்ன ஆரும் அப்டி ஒண்டியா வுட்டதில்ல சார். எனுக்குப் புடிச்ச பொட்டியில போட்டுட்டு வந்துட்டேன்.”

“விரல்ல மை?” என்று கேட்டார் இன்ஸ்பெக்டர். போலீஸ்காரர் அல்லவா.

“கெளுத்தி முள்ளு குத்திகிச்சின்னு துணி சுத்திகினேன். இந்த மன்சன் மஞ்ச வேற அரைச்சிக் குட்த்தாரு.”

ஸ்டேஷன் ரைட்டர் எழுதுவதை நிறுத்திவிட்டுச் சிரித்தார். இன்ஸ்பெக்டருக்கும் உதடு துடித்தது. தேசப்பன் மட்டும் சிரிக்கவில்லை.

அவள் என்ன செய்தாள் என்பது அந்த அறையில் அவனுக்கும் அவளுக்கும்தான் முழுசாகத் தெரியும். குப்பத்தின் ஒற்றுமையை உடைத்தவள் என்று தன் வாயாலேயே சொல்லியாகிவிட்டது. இந்தச் செய்தி சாயங்காலத்துக்குள் மணலுக்குப் போய்விடும். அங்கே அதற்கு ஊர்க்கட்டு உண்டு — யாரும் அவள் கூடைக்கு மீன் போட மாட்டார்கள், கிணற்றடியில் பேச மாட்டார்கள்.

எனக்கு வழி கிடைத்துவிட்டது. “இன்ஸ்பெக்டர், பக்கத்தில் படுக்கிற பெண்சாதியே இவனுக்குத் தெரியாமல் இஷ்டப்பட்ட பெட்டியில் ஓட்டுப் போட்டிருக்கிறாள். இவன் மிரட்டலுக்கு இவ்வளவுதான் சக்தி. சொந்த வீட்டில் செல்லாதவனைத் தீவிரவாதி என்று எழுதினால் டிபார்ட்மெண்டுக்குத்தான் கௌரவக் குறைச்சல்.”

அவர் மேஜையிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்து நீட்டினார். “மறு விசாரணைன்னு ஒரு மனு எழுதிக் குடுத்துட்டுப் போங்க” என்றார். அது ஏற்கெனவே என் பையில் இருந்தது.

திரும்பும்போது தேசப்பன் முன்னால் நடந்தான். அவள் நாலடி பின்னால். நான் அவளுக்கும் பின்னால். ஒரு குடும்பத்துக்கு உதவி செய்துவிட்டோம் என்ற திருப்தி எனக்குக் கொஞ்சமும் வரவில்லை.

அப்புறம் ஒரு வாரம் மீன் வரவில்லை. எங்கள் வீட்டில் முருங்கைக்காயும் கத்தரிக்காயும் மாறி மாறி ஆட்சி செய்தன. ரீடிங் ரூமில் டாக்டர் இப்போது வேறொரு ராஜ்யத்துக்கு மாறியிருந்தார். இன்ஜினீயர்கள் கையில் நாட்டைக் கொடுக்க வேண்டுமாம். காதர் பாய், “எங்க தெரு சாக்கடையக் கட்டின இன்ஜினீயர மட்டும் வேணாம் சாப்” என்று கேட்டுக்கொண்டார்.

நேற்று முன்தினம் காலை, வாசலில் கூடை இறங்கும் சத்தம்.

“வேலைக்குப் போய்க்கீறாரு நைனா. திங்கக்கியமயிலேர்ந்து. காக்கிச் சட்ட குட்த்துக்கீறாங்க. கையி பத்தல.”

“குப்பத்தில்?”

அவள் கூடையைத் திறந்துகொண்டே சொன்னாள். ஊர் கூடியதாம். அபராதம் போடுவதா, கட்டு வைப்பதா என்று பேச்சு. எல்லோரும் கட்டு என்றார்கள். தேசப்பன் ஒருவன்தான் தலையாட்டவில்லை.

“அல்லாரும் சொல்றாங்க: ‘இன்னாடா, உங்கிட்டயே பொய் சொல்லிக்கீறா, நீ போயி அவளுக்குப் பேசறே?’ அதுக்கு இவரு, ‘ஓட்டு வேணான்றது என் நாயம். அவ சீட்டு அவ கையில இருந்திச்சி, அவ போட்டா. கட்டு வைக்க நான் ஒத்துக்க மாட்டேன்’ன்னு குந்திகினாரு. காலீல குந்தினவங்க. வெயிலு ஏறுது. பெரிய வலையும் கெடக்குது, மீனும் கரைக்கி வந்துகினு கீது. ஒருத்தன் ஒத்துக்காம எந்திரிக்கக் கூடாதே? பொயுது சாயற வரிக்கும் திட்டினாங்க. அன்னிக்கி ஊருக்கே மீனு இல்ல. கடேசில நாட்டார் துண்ட ஒதறிகினு எந்திரிச்சி, ‘வுட்டுத் தொலைங்கடா, பசிக்குது’ன்னாரு. அவ்ளோதான்.”

“உன்னிடம் என்ன சொன்னான்?”

“அதுக்கு முன்னால கொஞ்ச நாளு மூஞ்ச தூக்கி வச்சிகினு இருந்தாரு. அன்னிக்கி வூட்டுக்கு வந்து சோறு துன்னாரு. ‘விரலு இப்ப வலிக்கலயே?’ன்னு கேட்டாரு.”

அவள் சிரித்தாள். நானும்தான்.

யோசித்துப் பாருங்கள். குப்பத்தில் கைகளை எண்ணியிருந்தால் கன்னியம்மா தொலைந்திருப்பாள். ஒருவன் மாட்டேன் என்றால் நிற்கும் அந்தப் பழைய முறைதான் அவளைக் காப்பாற்றியது. அதே முறையில் அவளுடைய ‘மாட்டேன்’ எண்ணிக்கையிலேயே வராது. அதைக் கேட்டது ஓட்டுப்பெட்டி ஒன்றுதான். இரண்டில் எது உசத்தி என்று என்னைக் கேட்காதீர்கள். ஒன்று ஒரு குப்பத்தையே பட்டினி போடுகிறது. மற்றது எப்படிப்பட்டவர்களை எல்லாம் சட்டசபைக்கு அனுப்புகிறது என்று பேப்பரில் தினமும் பார்க்கிறோம். எனக்கு வயதாகிவிட்டது. எந்த ராஜ்யமாக இருந்தாலும், ஒரு மனுஷி வேண்டாம் என்று சொல்ல ஒரு மறைப்பாவது மிச்சம் வைத்திருந்தால் சரி என்கிற அளவுக்கு இறங்கி வந்துவிட்டேன்.

சங்கரா மீனை எடுத்துப் போட்டாள். விலையில் ஒரு சண்டை போட்டோம். போகும்போது மெதுவாகக் கேட்டேன்.

“கன்னியம்மா, அன்றைக்கு எந்தப் பெட்டியில்தான் போட்டாய்?”

கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

“எம் புருஷனுக்கே சொல்லல. உனுக்கு இன்னாத்துக்கு நைனா?”

ரிடையரான சிரஸ்தாருக்கு அவள் சட்டம் சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கிறது.